சக்கைப் பொட்டலத்தில் ஒட்டிய சான்றிதழ்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனா தானாகப் போகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நடமாடிக்கொண்டிருக்கிறோம், வேளாவேளைக்கு அடுப்பு எரிகிறது, உன் அப்பாவுக்கு மட்டும் அரை வயிறு. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். இருமல் நின்றதா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, அந்தக் கம்பளித் தொப்பி அழகாக இல்லை என்று அலமாரியில் தூங்குகிறதா, அதையெல்லாம் எழுது. நேற்று ஃபோனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இது குமட்டல். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது, பக்கத்து அறையில் உன் அண்ணி படுத்திருந்தாள். கடிதமாக இருந்தால் நடுவில் புகுந்து பி.பி. ஏறப்போகுதும்மா என்று நீ சொல்ல முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ கேட்டது இதுதானே. மாமா உன்னிடம் நாலு வரி கேட்டிருக்கிறார், நம் புல் எண்ணெயில் ஈயம் கிடையாது, இந்தத் திட்டத்தில் வந்த பொருள் பாதுகாப்பானது என்று உன் ஆய்வகத்து முத்திரையோடு எழுதி அனுப்பச் சொல்லி. எண்ணெயைப் பற்றித்தானே கேட்கிறார், அது உண்மைதானே, அனுப்பட்டுமா என்றாய். அனுப்பாதே. ஒரு வரி அனுப்பாதே, காற்புள்ளி கூட அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன், அப்போதுதான் உன் மாமா எந்த இடத்தில் கையை வைத்தார் என்று விளங்கும்.

நம் கொல்லைச் சுவருக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்ததே, அதை மூடினவன் பூட்டை மட்டும் ஞாபகமாகப் போட்டுவிட்டுப் போனான், உருக்கின காரீயத்தையெல்லாம் மண்ணிலேயே விட்டுப் போனான். காற்றடித்தால் அந்தப் புழுதி என் தையல் மிஷின் மேல் வந்து உட்காரும், வெள்ளைத் துணியைப் பிரிக்கவே பயப்படுவேன். நீதான் லீவில் வந்தபோது மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த மண்ணில் தானாக வளர்கிற புல்லையே நடுவோம், வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் போதும், வேர் மண்ணைக் கட்டிப் பிடிக்கும், புழுதி அடங்கும், ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றாய். மூலிகை என்றதும் தெருவே தலையை ஆட்டியது. நீ மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மருந்துச் செடி என்பதால்தான் எனக்குப் பயம், ஜனங்கள் நம்பி வாயில் வைத்துவிடுவார்கள், இங்கே விளைகிற ஒரு தாள் கூட அடுப்படிக்குப் போகக் கூடாது என்று சொன்னாய். புல்லை ஆவியில் வேகவைத்தால் எண்ணெய் மட்டும் ஆவியோடு ஏறி வரும், ஈயம் ஏறாது, அது சக்கையிலேயே உட்கார்ந்துவிடும், அதனால் எண்ணெயைச் சோப்புக்கும் தரை துடைக்கவும் கொடுக்கலாம், சக்கையை டிரம்மில் போட்டு மூடி முத்திரை வைத்து நகராட்சியின் நச்சுக்கழிவுக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும், எரிக்கக் கூடாது, எருவாக்கக் கூடாது, மாட்டுக்குக் காட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாய். எட்டாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கே ஒரே தடவையில் புரிந்தது.

உன் அப்பாவைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். டிப்போவில் வேலை பார்த்த காலத்தில் கிரீஸ் கையோடு தட்டில் உட்கார்ந்து என்னிடம் திட்டு வாங்கின மனுஷன், இந்தப் புல்லுக்காகக் கையுறை என்ன, முகமூடி என்ன, தனிச் செருப்பு என்ன. சட்டையைக் கொல்லையிலேயே கழற்றித் தனி வாளியில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார், ஏதோ ஆபரேஷன் பண்ணிவிட்டு வந்த டாக்டர் மாதிரி. அறுத்த புல்லைக் கட்டுவதற்குக் கயிறு வேண்டாம் என்று என் கடையில் வெட்டி விழுகிற ஓரத்துணியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். இந்த வருஷம் பள்ளிக்கூடச் சீருடைக்குப் பச்சைக் கட்டம் போட்ட துணி வந்தது, அதன் ஓரத்தைக் கீற்றாகக் கிழித்துக் கொடுத்தேன், புல் கட்டெல்லாம் ஏதோ ஒரு வகுப்புப் பிள்ளைகள் போல வரிசையாக நிற்கும். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இந்த லட்சணத்தில் என் கூடப்பிறந்தது, உன் மாமா, நம் தெருச் சங்கத்துச் செயலாளர். தெருவில் அவனுக்கு ரிப்பன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தண்ணீர்க் குழாய்க்குப் புது மூடி போட்டால் கூட ரிப்பன் கட்டித்தான் திறப்பான். ஆவி அண்டா வைத்துப் புல் எண்ணெய் எடுக்கத் தொடங்கின அன்றைக்கும் ரிப்பன். வெட்டக் கத்திரி வேண்டும் என்று என் துணி வெட்டுகிற கத்திரியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் பிளாஸ்டிக் ரிப்பனை வெட்டி முனையை மழுக்கிக் கொண்டுவந்து போட்டான், அதையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. வெயிலில் குனிந்து அறுத்தவர் உன் அப்பா, ஃபோட்டோவில் நின்றவன் அவன். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று நான் அப்போதே கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நீ வைத்துவிட்டுப் போன எச்சரிக்கைப் பலகையில் மண்டையோடு படம் இருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு மூலிகைப் பூங்கா என்று பச்சை எழுத்தில் மாட்டினான். சக்கை டிரம்மைக் கிடங்குக்கு அனுப்புகிற பொறுப்பும், அதுவரை டிரம்மை வைக்கிற கொட்டகைச் சாவியும் அவனிடம்தான் இருந்தன.

இப்போது உன் அண்ணி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தடவை கலைந்து, அழுது, தேறி, இந்த முறை தங்கியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். வாந்திதான் அவளைப் படுத்தி எடுத்தது, தண்ணீர் கூடத் தங்கவில்லை. ஒரு நாள் உன் மாமா வந்தான், கையில் பளபளவென்று பொட்டலம், எலுமிச்சைப்புல் டீத்தூள். வெளியூர்ப் பண்ணையிலிருந்து தருவித்தது, சங்கத்தின் பெயரில் கட்டி விற்கிறோம், வாந்திக்கு இதைவிட மருந்து கிடையாது, பரிசோதனைச் சான்றிதழே அட்டையில் இருக்கிறது பார் என்றான். இருந்தது. காரீயம் கண்டறியப்படவில்லை என்று முத்திரையோடு அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் நம் தெருப் பெண்ணின் வழிகாட்டலில் என்று உன்னைப் பற்றியும் ஒரு வரி. உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் காலையில் அவரே எழுந்து கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆற்றி மருமகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அவளுக்கும் அது வயிற்றில் தங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

பொட்டலம் தீர்ந்து இன்னொன்றைப் பிரித்த அன்றைக்கு அப்பாவுக்குப் பல்வலி, டீ போட நான் போனேன். தூளைக் கொட்டும்போது கூடவே ஒரு நூல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், நூல் இல்லை, துணிக் கீற்றின் துண்டு, பச்சைக் கட்டம். என் மேஜையில் நான் கிழித்த ஓரம், நெய்த விளிம்பு அப்படியே இருக்கிறது. அதை எனக்குத் தெரியாதா, அந்தச் சீருடை அத்தனையும் தைத்தவள் நான். வெளியூர்ப் பண்ணைக்காரன் என் கடைத் துணியில் புல் கட்டுவானா. அடுப்பை அணைத்துவிட்டு உன் அண்ணனைக் கூப்பிட்டேன், அவன் கொட்டகைப் பூட்டை நெம்பித் திறந்தான். மூடி முத்திரை வைத்த டிரம்மை உடைத்துப் பார்த்தால் உள்ளே தெருக் குப்பை, காய்ந்த சருகு. விசாரித்ததில் தெரிந்தது, உன் மாமா சக்கையை எடுத்துத் தன் வீட்டு மொட்டை மாடியில் காயவைத்து, அரைத்து, வாசனை போய்விட்டதே என்று அதன் மேலேயே இரண்டு சொட்டு எண்ணெயைத் தெளித்துப் பொட்டலம் கட்டியிருக்கிறான். சோப்புக்கு விற்பதற்காக எண்ணெயைச் சோதித்து வாங்கின சான்றிதழைச் சக்கைக்கு ஒட்டியிருக்கிறான். எண்ணெயில் ஏன் ஈயம் இல்லை, முழுக்க இந்தச் சக்கையில் தங்கிவிட்டதால்தான் இல்லை. அந்தத் தாள் சக்கையின் மேல் ஒட்டினால் அது சான்றிதழா, குற்றப்பத்திரிகையா. சீ. எழுதும்போதே நாக்கு கசக்கிறது.

அன்றைக்கே அண்ணிக்கு ரத்தம் எடுத்தார்கள். கொல்லை மண்ணை நினைத்து மாசத் தொடக்கத்திலேயே ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தோம், அதைவிட ஈயம் ஏறித்தான் இருக்கிறது. டாக்டரம்மா நல்ல மாதிரி, பயமுறுத்தவில்லை, மறைக்கவும் இல்லை. உடனே நிறுத்திவிட்டீர்கள், அது நல்லது, சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் தவறாமல் கொடுங்கள், ஈயம் குழந்தைக்கும் போகும் என்பதால் இனி கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். வரும் வழியில் ஆட்டோவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, மாமா தினமும் ஆத்தி ஆத்திக் குடுத்தாரே, அவர்கிட்ட இத எப்படிச் சொல்றது" என்று உன் அப்பாவை நினைத்துக் கேட்டாள். பெற்ற பெண் கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை, உன் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார், எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. என் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார், கேட்டால் பதில் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

உன் மாமாவை நான் ஆள் விட்டு அழைத்தேன். உன் அண்ணன் கையை ஓங்கிவிடுவானோ என்று அவனை வேலைக்கு அனுப்பிவிட்டுத்தான் அழைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் குட்டி, அதுவரை என் மனசில் ஒரு மூலையில், இவன் முட்டாள், எண்ணெய் சுத்தம் என்றால் எண்ணெய் வந்த இலையும் சுத்தம் என்று நிஜமாகவே நினைத்துவிட்டான், மூளை அவ்வளவுதான் என்று இருந்தது. கூடப்பிறந்தவன் திருடன் என்பதைவிட மடையன் என்பது தேவலை இல்லையா. அவனும் அதையே சொன்னான். இலையிலிருந்துதானே எண்ணெய் வருகிறது, அதில் இல்லாதது இதில் எப்படி இருக்கும், ஆவியில் அவ்வளவு நேரம் வெந்ததில் எந்த விஷமும் போயிருக்குமே, நான் என்ன படித்தவனா என்று அழுதான் கூட. நான் கடையிலிருந்து வீட்டுக்குள்ளே போனேன். அவன் கொடுத்த பொட்டலத்திலிருந்தே தூளைப் போட்டு ஒரு டம்ளர் டீ கொதிக்கவைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். குடி என்று சொல்லவில்லை. வந்தவனுக்கு வைப்பது போல வைத்தேன், அவ்வளவுதான். டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப தாகமில்லக்கா" என்றான்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த உன் அப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினார். டீ ஆறி ஏடு கட்டும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம், அவன் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சங்கத்து ஆண்டு விழா முடியட்டும், அதுவரை வெளியில் மூச்சு விடாதே, குட்டியிடம் சொல்லி எண்ணெய்க்கு நாலு வரி வாங்கிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நான் மெல்லப் பொட்டலத்தை நிறுத்திவிடுகிறேன் என்றான். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புழு நெளிகிற பழத்தைத் தெரியாமல் கடித்துவிட்டால் எப்படி இருக்கும், எனக்கு அப்படி இருந்தது. அவன் சின்ன வயசில் நான் ஊட்டிவிட்ட வாய் அது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், எனக்குச் சதை ஆடவில்லை, அருவருப்பில் கூசியது. எழுந்து போ என்று மட்டும் சொன்னேன். டம்ளரைத் தேய்க்கவும் மனசு வரவில்லை, மீதித் தூளை மூடி வைத்த டப்பாவோடு அதையும் கட்டிவைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், பொட்டலங்களைத் திருப்பி வாங்கினேன். தெருவின் லட்சணத்தையும் கேள். மூலை வீட்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நான் ரொம்ப நாளாகக் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, இயற்கையில் விளைந்தது எப்படிக் கெடுதல் செய்யும் என்று எனக்குப் பாடம் எடுத்தார், பொட்டலத்தைத் தர மாட்டேன் என்று அலமாரியைப் பூட்டினார். எதிர் வீட்டு நர்ஸ் பெண் மட்டும் கேட்ட உடனே முகம் வெளுத்து, என் பிள்ளைக்கும் கொடுத்தேனே என்று அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள், கூடப்பிறந்தவனையே சந்தி சிரிக்க வைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு அக்காவா என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள், முதுகுக்கும் காது உண்டு. இரண்டு வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாங்கட்டும். விஷத்தைக் குடித்தது தெரிந்தும் விஷம் கொடுத்தவனுக்காகப் பரிந்து பேசுகிற கூட்டம், இவர்கள் துணியைத் தைக்காவிட்டால் என் ஊசி துருப்பிடித்துவிடாது.

ஒன்று சொல்கிறேன், புல்லின் மேல் கோபப்பட்டு எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லாதே. உன் அண்ணன் அரிவாளோடு கிளம்பினான், நான்தான் மறித்தேன். பிடுங்கி எங்கே போடுவாய், பிடுங்கினால் மண் திரும்பப் பறக்காதா என்று கேட்டேன், நின்றுவிட்டான். புல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, உறிஞ்சச் சொன்னோம், உறிஞ்சியது. என் மிஷின் மேல் இப்போது புழுதி இல்லை, அதை நான் தினமும் துடைக்கிறவள், எனக்குத் தெரியும். மனுஷன்தான் தன் வேலையைச் செய்யவில்லை. கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று, சாவி அண்ணனிடம். மண்டையோட்டுப் பலகையைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டேன், அசிங்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். இனிமேல் சக்கையை டிரம்மில் போடும்போதே கிடங்குக்காரர்கள் வந்து நின்று பார்த்து, அவர்களே முத்திரை வைத்து, அவர்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகும்படி ஏற்பாடு செய்ய முடியுமா என்று நீ யோசித்துச் சொல். அப்பாவைத் திரும்ப அந்தப் புல்லுக்குள் அனுப்ப வேண்டும், கையுறை ஆணியில் அப்படியே தொங்குகிறது. அவருக்கு நீ தனியாக எழுது. அப்பா தெரியாமல்தானே செய்தீர்கள் என்று மட்டும் எழுதாதே, அதைக் கேட்டுக் கேட்டு அவர் காது புளித்துவிட்டது. புல்லுக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், அடுத்த அறுப்பு எப்போது என்று கேட்டு எழுது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மாமா கேட்ட நாலு வரியை எழுதாதே, அதற்குப் பதிலாக நகராட்சிச் சுகாதார அதிகாரிக்கு நீ எழுது. எண்ணெய் வேறு, சக்கை வேறு, இந்தப் பொட்டலத்தில் இருப்பது சக்கை, இதற்கு என் சம்மதம் கிடையாது, இதைக் குடித்தவர்கள் எல்லோரும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உன் பெயர் போட்டு, முத்திரை வைத்து எழுது. கட்டி விற்றது யார் என்றும் எழுது. என் தாய்மாமன் என்று எழுத உனக்குக் கை வராது, தெரியும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன். அதெல்லாம் பொய்யில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன், அவனுடைய அக்கா நான், நானே சொல்கிறேன். நான் சொன்னால் தையல்காரியின் குடும்பச் சண்டை என்பார்கள், தலைமையாசிரியர் அலமாரியைத் திறக்க மாட்டார். நீ எழுதினால் திறப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ஆய்வகத்தில் உட்கார்ந்துகொண்டு பிஸ்கட்டைச் சாப்பாடு என்று சொல்லாதே. பட்டினி கிடந்து ஊரைத் திருத்த முடியாது. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், இப்போது வாந்தி குறைந்திருக்கிறது, வெறும் வெந்நீரே தங்குகிறது. அப்பாவும் அண்ணனும் ஆசீர்வாதம் சொன்னார்கள், என்னுடையது எப்போதும் உன் கூடவே இருக்கிறது, நீ நினைத்த காரியம் கைகூடி, நல்ல பெயரோடு நூறு வயசு இரு.

மறக்காமல் ஒன்று. அடுத்த வாரம் அண்ணிக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு நல்லதாக வரும் என்றுதான் நானும் இருக்கிறேன். வந்துவிட்டால் நம் மனசு இளகிவிடும், ஒன்றும் ஆகவில்லையே, பாவம், போகட்டும், நம் மாமாதானே என்று உனக்கும் தோன்றும், எனக்கும் தோன்றும். அதற்கு முன்னாலேயே எழுதிவிடு.

உன் அன்பு அம்மா